அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம்

ஐந்து விளக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் மண்டபம்.
காலையில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம் நடந்திருக்கிறது.
வாழைமரத்தை அவிழ்க்க வந்தவனை
ராத்திரி வா என்று அனுப்பிவிட்டேன்.
எழுத்தாளர்களுக்கும் இருக்கட்டுமே இரண்டு குலை.

வேனில் வந்திறங்கிய பதினோராம் வகுப்பு,
நாற்பது நாற்காலி,
நாற்பது ஜோடிக் கண்ணும்
பின்வரிசைச் சமோசாப் பெட்டி மேல்.
நாற்காலிக்கு ஒன்றாய் நான் வைத்த
பதினாறு பக்க மாதிரி
விசிறியாகிவிட்டது.

செக்காலை ரோட்டில் புத்தகக்கடை எனக்கு.
முதல் என்று யார் சொன்னாலும்
போட்ட பணம்தான் ஞாபகம் வரும்.
இன்றைக்கு மைக் முன்னால்
முதல் நாவல், முதல் நாவல் என்று
மூன்று தரம் சொல்லியாக வேண்டும்,
முதலுக்கு மோசமில்லாத குரலில்.

சீட்டைப் பார்த்து வாசிக்கிறேன்:
நஸ்ரின் பேகம். புதுவயல். வயது இருபத்திரண்டு.
அரிசி ஆலையில் எடைச்சீட்டு எழுதுகிறார்.
கதையில் ஒரு பெண்
கணக்குப் பரீட்சை அன்று ஹால் டிக்கெட்டோடு
மானாமதுரை ரயிலில் ஏறிவிடுகிறாள்.
அவ்வளவுதான் சீட்டில்.
மேடையில் அவர் துப்பட்டா நுனியை விரலில் சுற்றி
அவிழ்த்து, மறுபடி சுற்றுகிறார்.

லூர்துசாமி, தேவகோட்டை. வயது ஐம்பத்தொன்று.
யாரோ சிரிக்கிறார்கள்.
மின்வாரியத்தில் வேலை.
பதினாறு வயசுப் பையனைப் பற்றி
இப்போது எதற்கு என்று நானும் போனில் கேட்டேன்.
"எனக்குப் பதினாறு நடந்தப்ப
கம்பம் ஏறிட்டிருந்தேன்" என்றார்.

மூன்றாவது நாற்காலி காலி.
அடைக்கலவன் வருகிற பஸ்
திருமயம் தாண்டிப் பஞ்சர்.
குரல் செய்தி மட்டும் வந்திருக்கிறது:
"அண்ணே, நீங்களே ஏதாச்சும் சொல்லிருங்க.
நான் வந்தாலும் பேசமாட்டேன்."
அதையே கேட்கட்டும் என்று
போனை மைக்கருகே தூக்கிய நேரம்
கரண்ட் போனது.

எல்லாத் தலையும் லூர்துசாமி பக்கம் திரும்பியது.
"நான் இன்னிக்கு லீவு" என்றார்.

சிரிப்பு அடங்கவில்லை. அதற்குள்
ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்:
"அந்தப் பொண்ணு டிக்கெட் எடுத்தாளா?"

மண்டபத்திலேயே விசிறாத ஒரே ஒரு மாதிரி.
பதினாறாம் பக்கத்தில் கட்டைவிரல்.

நஸ்ரின் எழுந்தார்.
ஆலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை,
மைக் வேண்டியிருக்கவில்லை.
"எடுத்தா. ஆனா கவுண்டர்ல சொன்ன ஊர் வேற,
இறங்குற ஊர் வேற."
"அப்ப ஓடிப் போகலையா?"
"உங்களுக்கு எப்படித் தோணுது?"
"ஓடிப் போறவ ஹால் டிக்கெட்டைக் கிழிச்சுல்ல போட்டிருப்பா?
எதுக்குப் பையில வச்சிருக்கா?"

நஸ்ரின் பதில் சொல்லவில்லை.
துப்பட்டா விரலைவிட்டு நழுவியது.
எழுதும்போது இதை
யோசித்திருக்கவில்லை என்று முகம் சொன்னது.

விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.
வியர்த்து வழிய
பக்கங்கள் திரும்பின.

என் ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு மீதி.
சீட்டுகளைச் சட்டைப் பையில் வைத்தேன்.
கரண்ட் வந்து மைக் கீச்சிட்டபோது
நானே போய் அணைத்தேன்.

விற்றது ஒன்பது பிரதி. அதில் ஒன்று கடன்:
பூமயில், பதினொன்று ஆ பிரிவு,
அறுபது ரூபாய் பாக்கி.
கடன் அன்பை முறிக்கும் என்ற பலகை
கடையில்தானே தொங்குகிறது,
மண்டபத்தில் இல்லையே.

ஏழரை மணிக்கு அடைக்கலவன் வந்தான்,
கணுக்கால் வரை புழுதி.
வாழைமரம் போயிருந்தது.
மைக்செட் பையன் வயர் சுருட்டிக்கொண்டிருந்தான்,
வேறு யாருமில்லை.
"இவர்தான் எழுதினவர்" என்றேன் அவனிடம்.
புத்தகத்தைப் புரட்டாமலே கேட்டான்:
"இதுல யாராச்சும் சாவாங்களா?"

அடைக்கலவன் என்னைப் பார்த்தான்.
நான் படித்ததே நாற்பது பக்கம்.
"ஒரு நாய்" என்றான் மெதுவாக.

பையன் வயரைக் கீழே வைத்தான்.